தம்பியின் சூதாட்டக் கடன்: வீட்டுப் பங்கை விற்று ஒரேயடியாக அடைக்கலாமா?

தேவகோட்டைப்பெண் கேட்கிறார்:

தம்பிக்கு வயது 31. காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறான், சம்பளம் 26,000. முதலில் செல்போனில் ரம்மி. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் வந்து அந்த ஆப்கள் நின்றதும் விட்டது சனியன் என்று இருந்தோம். விடவில்லை. டெலிகிராமில் வந்த லிங்க் வழியாகக் கிரிக்கெட் பந்தயத்துக்குப் போயிருக்கிறான். ஆத்தாவின் (அம்மாவின்) நகை டப்பாவில் இரண்டு அடகுச் சீட்டு இருந்தது. கேட்டதும் அழுதான், 4,60,000 கடன் என்று ஒத்துக்கொண்டான்.

அப்பச்சி (அப்பா) சொல்வது இது: பூர்வீக வளவு வீட்டில் நமக்குள்ள பங்கைப் பங்காளிகளிடமே கொடுத்துவிட்டு மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைப்போம், பிள்ளையார்பட்டியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவோம், தை பிறந்ததும் பெண் பார்ப்போம், கால்கட்டு விழுந்தால் பொறுப்பு வந்துவிடும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இது புத்தி கெட்ட வேலையா, நோயா, எதை வைத்துச் சொல்வது? கடனை உடனே அடைப்பது சரியா? நம்ம பக்கத்தில் எங்கே காட்டுவது, அங்கே என்ன செய்வார்கள்?

செவ்வந்தி பதில்:

ஆச்சி, உங்கள் மூன்று கேள்விக்கும் முன்னால் ஒன்று. கடன் வெளிச்சத்துக்கு வந்த முதல் சில நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள். அழுதான், ஒத்துக்கொண்டான், இனி நிம்மதி என்று வீட்டார் படுத்துவிடுவார்கள். அவனுக்கு அப்போதுதான் எல்லாம் முடிந்தது போலத் தெரியும். இரவில் தனியாகப் படுக்கவிடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, அப்பச்சியின் பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் சொல்வார்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 108.

இப்போது நோயா என்ற கேள்வி. மனநல மருத்துவர்கள் ஒன்பது அடையாளம் பார்க்கிறார்கள். பழைய கிளர்ச்சி வேண்டுமென்றால் பந்தயத் தொகை கூடிக்கொண்டே போக வேண்டியிருப்பது. நிறுத்தினால் எரிச்சல், இருப்புக்கொள்ளாமை. நிறுத்தப் பலமுறை முயன்று தோற்பது. நினைப்பெல்லாம் அதிலேயே ஓடுவது. மனசு சரியில்லாதபோது அதைத் தேடிப் போவது. விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்புவது. பொய். வேலை, படிப்பு, உறவு கெடுவது. கடைசியாக, கைவிட்டுப் போனதைச் சரிக்கட்ட அடுத்தவரிடம் பணம் கேட்டு நிற்பது. 12 மாதத்துக்குள் இதில் நான்கு இருந்தால் நோய் என்று கணக்கு. எட்டு, ஒன்பது என்றால் கடுமை. 2013-லிருந்து இதைக் குடி, போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வகைப்படுத்துகிறார்கள். மூளையில் நடப்பது ஒன்றுபோல இருப்பதுதான் காரணம்.

ஒன்பதையும் கேட்க நேரமில்லை என்றால் இரண்டு கேள்வி போதும்: வைக்கும் தொகையைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு ஆடினாய் என்பதை வேண்டியவர்களிடம் மறைக்க வேண்டி வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் போக அது போதும்.

வாயால் சொல்வதைவிட பேங்க் ஸ்டேட்மென்ட் தெளிவாகப் பேசும். ஆறு மாதத்து ஸ்டேட்மென்டை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். மளிகை, பெட்ரோல் எல்லாம் 347, 212 என்று உதிரியாக இருக்கும். பந்தயப் பணம் 500, 1,000, 2,000 என்று முழுசாக இருக்கும். இரவு 11:40-க்கு 500, 11:46-க்கு 1,000, 11:51-க்கு 2,000, 12:10-க்கு 5,000 என்று ஏணி மாதிரி ஏறினால் அதுதான் விட்டதைப் பிடிக்கிற ஓட்டம். சம்பளம் ஏறிய இரண்டாம் நாளில் கணக்கு காலியாவதைப் பாருங்கள். இப்போது பணம் கம்பெனி பெயருக்குப் போவதில்லை. கேள்விப்படாத தனி ஆட்களின் யுபிஐ-க்குப் போகும், வாரத்துக்கு ஒரு பெயர் மாறும். லோன் ஆப் இருந்தால் வரவுப் பக்கத்தில் 3,150, 5,460 என்று விநோதமான தொகைகள் வரும். பிடித்தம் போக மீதி அது.

நம்ம செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஒரு அடையாளம் உண்டு. பூட்டிக் கிடக்கிற இரண்டாம் கட்டு, சாமான் அறை. பித்தளைக் குத்துவிளக்கு, பெட்டகத்துப் பீங்கான், எனாமல் அடுக்குகள், பழைய ரவிவர்மா படங்கள். வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) திறந்தால்தான் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருளுக்கு உடனே ரொக்கம் கிடைக்கும் என்பது ஊரறிந்தது. சாமான் பங்காளிகளுக்கும் பொது என்றால் நாளைக்கு அது தனி வழக்காகும். எண்ணிப் பார்த்துவிடுங்கள். லாக்கர் நகையையும் ஆசாரியிடம் காட்டுங்கள், தங்கம் இருந்த இடத்தில் கவரிங் இருக்கக்கூடும்.

கற்பூரச் சத்தியம் வேண்டாம் ஆச்சி. முதல் மூன்று மாதத்தில் ஒருமுறையாவது சறுக்குவது மிகச் சாதாரணம். சத்தியம் இல்லாதவன் சறுக்கினால் வந்து சொல்ல வழி இருக்கிறது. சாமி முன்னால் சத்தியம் செய்தவன் சொல்லவே மாட்டான். மறைக்க இன்னொரு கடன் வாங்குவான். கல்யாணமும் அப்படியே. வருகிற பெண்ணின் நகைதான் அடுத்த அடகுக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு நாம் செய்கிற துரோகம் அது. குறைந்தது ஒரு வருஷம் கணக்கு சுத்தமாக ஓடட்டும், பிறகு பெண் வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லிப் பேசுங்கள்.

பேரேடு பதில்:

கடன் பக்கத்தை நான் சொல்கிறேன். பங்கை விற்கவேண்டாம் என்று அப்பச்சியிடம் உறுதியாகச் சொல்லுங்கள், குறைந்தது இப்போதைக்கு. காரணம் இரண்டு. ஒன்று, அவன் சொன்ன 4,60,000 முழுத்தொகை இல்லை. முதல் தடவை சொல்வது எப்போதும் பாதி, முக்கால்தான். அடித்தால் தாங்கும் அளவுக்குச் சொல்வார்கள். இரண்டு, கடன் ஒரே நாளில் மறைந்தால் கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் இவன் மறுபடி நல்ல பார்ட்டி. லோன் ஆப் லிமிட்டைக் கூட்டும், வட்டிக்காரர் தானே கூப்பிட்டுக் கொடுப்பார். கையில் ஆசை இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறது, பாரம் மட்டும் இறங்கியிருக்கிறது. திரும்பப் போய் விழுவதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது.

செய்யவேண்டியது ஐந்தொகை, அதாவது எல்லாவற்றையும் சேர்த்த மொத்தக் கணக்கு. நம்ம ஐயாமார் மலேயாவிலும் பர்மாவிலும் கடை முடிக்கும்போது எடுத்தார்களே, அதேதான். 80 பக்க நோட்டு ஒன்று. யாரிடம், என்றைக்கு, அசல் எவ்வளவு, வட்டி எத்தனை, ஈடு என்ன, ஜாமீன் யார், எழுதிக் கொடுத்த எழுத்து என்ன (புரோநோட்டா, வெற்றுச் செக்கா, வெறும் வாயா), அடுத்த கெடு என்றைக்கு என்று எட்டுப் பத்தி. ஒரே இருப்பில் (ஒரே தடவை உட்கார்ந்து) முடிக்காதீர்கள். மூன்று இருப்பு, நடுவில் மூன்று நான்கு நாள் இடைவெளி. இரண்டாவது இருப்பில்தான் கடை முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் வரும், மூன்றாவதில் நண்பனின் மனைவி நகை வரும். ஒவ்வொன்று வரும்போதும் கத்தினால் மிச்சம் வராது.

கூடவே கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனம். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுத்தால் பேங்க், நிதி நிறுவனம், பதிவுள்ள லோன் ஆப் எல்லாம் வந்துவிடும். கைமாற்று, மீட்டர் வட்டி, சின்ன அடகுக்கடை, ஏலச்சீட்டு எடுத்தது இவை வராது. அதற்குத்தான் நோட்டு.

வட்டியை ஒரே அளவில் எழுதுங்கள். ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். ஒரு லட்சத்தைப் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 10,000 வட்டி மட்டுமே. 26,000 சம்பளக்காரன் அதைக் கட்டிக்கொண்டு அசலைத் தொடவே முடியாது. இதைத் தாளில் பார்க்கும்போதுதான் "ஒரு பெரிய மேட்ச் அடித்தால் எல்லாம் அடைந்துவிடும்" என்கிற கணக்கு எப்படி உண்டானது என்று வீட்டாருக்குப் புரியும்.

அடைக்கும் வரிசை: முதலில் ஏலக் கெடு நெருங்கும் நகை, அதுவும் ஆத்தாவுடைய நகை என்றால் வட்டி கட்டிக் கெடுவைத் தள்ளுங்கள். அடுத்து பத்து வட்டி, மீட்டர் வட்டி. இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டில் நகை இருந்தால் பேங்கில் முறையாக நகைக்கடன் எடுத்து அந்தப் பத்து வட்டியை முடித்தால் வட்டி பல மடங்கு இறங்கும். அந்த நகைக்கடன் ஆத்தா பேரிலோ உங்கள் பேரிலோ இருக்கட்டும், மாதத் தவணை தம்பி சம்பளத்திலிருந்து. அவன் உழைப்பில்தான் அடையவேண்டும், இரண்டு மூன்று வருஷம் ஆனாலும் சரி. பேங்க் கடனும் நிதி நிறுவனக் கடனும் கடைசி. நேரில் போய்த் தவணையை நீட்டித் தரக் கேட்கலாம்.

பணத்தை அவன் கையில் கொடுத்து "போய்க் கட்டிவிட்டு வா" என்று அனுப்பவே கூடாது. நீங்களோ அப்பச்சியோ கூடப் போய்க் கொடுங்கள். புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுசாக முடிந்தால் புரோநோட்டையும் வெற்றுச் செக்கையும் கையோடு வாங்கிக் கிழியுங்கள். "அப்புறம் தேடித் தருகிறேன்" என்பவரிடம் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். லோன் ஆப் என்றால் கடன் முடிந்த சான்று பிடிஎஃப் ஆக வரவேண்டும்.

மிரட்டல் வந்தால் பயந்து இன்னொருவரிடம் வாங்கிக் கட்டாதீர்கள். நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் 2003-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் தனிச்சட்டமே வந்தது. ரிசர்வ் பேங்க் விதிப்படி வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, போனில் உள்ள காண்டாக்ட், போட்டோவை லோன் ஆப் தொடக் கூடாது. படத்தை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார். ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வையுங்கள்.

இனி வாசலை அடைப்பது. சம்பளம் வரும் கணக்கை உங்களோடு சேர்ந்த கூட்டுக்கணக்காக்குங்கள். அதிலும் "இருவரில் ஒருவர்" என்று போடாமல் "இருவரும் சேர்ந்து" என்று போடச் சொல்லுங்கள். இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வராது. அந்த வகைக் கணக்குக்குப் பொதுவாக யுபிஐ, ஏடிஎம் கார்டு தரமாட்டார்கள். நமக்கு வேண்டியது அதுதான். கையில் வாரத்துக்கு 700, 800 ரொக்கம், செலவு நோட்டில் எழுதிக் காட்டவேண்டும். வேறு கார்டு இருந்தால் பேங்க் ஆப்பிலேயே ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் அணைக்கும் வசதி 2020-லிருந்து உண்டு. கிரெடிட் கார்டை மூடிவிடுங்கள்.

இதெல்லாம் அவன் சம்மதத்தோடு, அவனே பேங்குக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் செய்யவேண்டும். பிடுங்கினால் புதுக் கணக்கு திறக்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆகாது.

தேவகோட்டைப்பெண்:

இரண்டு இருப்பு முடிந்தது. 4,60,000 என்றது 7,05,000 ஆகியிருக்கிறது. அப்பச்சி பேசாமல் எழுந்து முகப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் பங்கு விற்கும் பேச்சு நின்றது.

புதிதாக ஒரு சிக்கல். அவன் கணக்கில் 18,000-ஐ பேங்க் முடக்கி வைத்திருக்கிறது, வேறு மாநிலப் போலீஸ் சொன்னதாகச் சொல்கிறார்கள். அவன் யாரையும் ஏமாற்றவில்லை, ஜெயித்த பணம் என்கிறான். போலீசுக்குப் போனால் இவனையே பிடித்துவிடுவார்களோ என்று ஆத்தாவுக்குப் பயம்.

பேரேடு:

இது இப்போது நிறைய நடக்கிறது. திருட்டுத்தனமான பந்தய சைட்டுகள் பணத்தை வாடகைக் கணக்குகள் வழியாகச் சுற்றவிடுகின்றன. எங்கோ ஒருவரிடம் மோசடி செய்த பணம் இவனுக்கு "ஜெயித்த பணம்" என்று வந்திருக்கும். பறிகொடுத்தவர் 1930-ல் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளில் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள்.

பேங்கில் எழுத்து மூலம் மூன்று விவரம் கேளுங்கள்: புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. அந்த நிலையத்துக்கு ஆறு மாத ஸ்டேட்மென்டோடு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. காரணம், மத்திய சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனைப் பிரிவு கிடையாது. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடியவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் உண்டு. "10,000 கொடுங்கள், முடக்கத்தை எடுத்துத் தருகிறேன்", "விட்ட பணத்தை ஹேக் செய்து மீட்டுத் தருகிறேன்" என்று வருபவர் அத்தனை பேரும் அடுத்த மோசடிக்காரர்கள்.

ஒன்று மட்டும் அவனிடம் அழுத்திக் கேளுங்கள்: தன் கணக்கையோ சிம்கார்டையோ யாருக்காவது கமிஷனுக்குக் கொடுத்தானா? கொடுத்திருந்தால் அது சூதாட்டம் தாண்டி மோசடி வழக்கு. இன்றைக்கே வக்கீல்.

செவ்வந்தி:

எங்கே காட்டுவது என்று கேட்டீர்களே. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. எந்த நாளில் யார் இருக்கிறார்கள் என்பதை 104-ல் கேட்டுவிட்டுப் போங்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்கவேண்டியது மருத்துவர் கடமை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்காதீர்கள். அடைத்து வைத்துத் திருத்துகிறோம் என்கிற "மறுவாழ்வு இல்லங்கள்" பக்கம் போகவேண்டாம். உள்ளே இருக்கும்வரை ஆடமாட்டான், வெளியே வந்த அன்றைக்கு ஆடுவான், உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போயிருக்கும்.

முதல் நாள் மருத்துவர் பார்ப்பது கூட வேறு என்ன இருக்கிறது என்பதை. மனச்சோர்வு, குடி, பதற்றம், தூக்கமின்மை பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். சிலருக்கு இருதுருவக் கோளாறில் உற்சாகம் ஏறிய நாட்களில் மட்டும் பணம் பறக்கும்; அதற்குச் சிகிச்சை முழுக்க வேறு. சூதாட்ட நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை கிடையாது. ஆசையின் வேகம் அதிகமாக இருப்பவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுப்பதுண்டு, ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டு.

முக்கியமான வேலை பேச்சு சிகிச்சைதான். வாரம் ஒருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நடப்பது உபதேசம் இல்லை. போன தடவை ஆடிய நாளை எடுத்து மணிக்கணக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். கடை மூடியது 9, முதலாளி கணக்கு இடிக்கிறது என்று திட்டியது 9:15, பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றது 9:40, டெலிகிராமில் "இன்றைய உறுதி டிப்ஸ்" வந்தது 9:45. எந்த இடத்தில் வேறு வழி எடுத்திருக்கலாம் என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது தவறான நம்பிக்கைகள். "ஒரு பந்தில் போச்சு, இல்லாவிட்டால் ஜெயித்திருப்பேன்" என்பது. மயிரிழையில் தவறுவதும் ஜெயிப்பதைப் போலவே மூளையைத் தூண்டும். மூன்று நம்பர் லாட்டரியில் 472 வாங்கி 473 விழுந்தால் நெருங்கிவிட்டோம் என்று தோன்றும், ஆனால் 000 முதல் 999 வரை எந்த எண்ணும் எந்த எண்ணுக்கும் பக்கத்தில் இல்லை. "ஐந்து தடவை தோற்றாயிற்று, ஆறாவது விழுந்தே ஆகும்" என்பது இன்னொன்று. நடத்துபவன் ஒவ்வொரு சுற்றிலும் 10 சதவீதம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய் பத்துச் சுற்று சுழன்றால் கணக்குப்படி மிச்சம் 349 ரூபாய். பில் போடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒரு நொடியில் புரியும். ஆசை ஏறிய நேரத்தில் நினைவுக்கு வராது, அதனால்தான் பயிற்சி.

ஆசை வரும்போது என்ன செய்வது என்பதையும் பழக்குவார்கள். அது அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் 20, 30 நிமிஷத்தில் இறங்கும். அந்த அரை மணியைத் தாண்டினால் போதும். போனை ஆத்தாவிடம் கொடுத்துவிட்டு ஊருணியைச் சுற்றி நடக்கலாம், குளிக்கலாம், உங்களைக் கூப்பிட்டு "வந்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பசி, தனிமை, கோபம், களைப்பு இவற்றோடு வந்தால் அலை பெரிதாக இருக்கும். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம் என்பதை மருந்துபோல நினையுங்கள். முதல் இரண்டு வாரம் எரிந்து விழுவான், தூக்கம் வராது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழித்துணை பதில்:

ஒரு சேர்க்கை, இதைப் படிக்கும் மற்ற வீட்டாருக்காக. அறுபது எழுபது வயதில், இதுவரை சீட்டையே தொடாத ஒருவர் திடீரென்று லாட்டரி, பந்தயம் என்று கிளம்பினால் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். நடுக்குவாத நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் இரண்டும் சிலருக்குச் சூதாட்ட வேகத்தை உண்டாக்கும். மனநோய்க்குத் தரும் அரிபிப்ரஸோலுக்கும் அந்தப் பக்கவிளைவு உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

இன்னொன்று ஷேர் மார்க்கெட். ரம்மியை விட்டவர்கள் ஆப்ஷன் டிரேடிங்கில் போய் விழுவதை நிறையப் பார்க்கலாம். நம்ம பக்கத்தில் ஷேர் என்றால் மரியாதையான தொழில், "மார்க்கெட்டில் இருக்கிறான்" என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில்) இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். தம்பியின் டீமேட் கணக்கில் அந்தப் பிரிவை மூடச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே என்சிபிஜி என்ற அரசு அமைப்பிடம் தானே விண்ணப்பித்து கேசினோவுக்குள் நுழையத் தடை வாங்கிக்கொள்ளலாம், வெளிநாட்டுத் தொழிலாளர்களும் செய்யலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 24 மணி நேரத்துக்கு 150 டாலர் நுழைவுக் கட்டணம். நம்ம ஊரிலிருந்து வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கட்டணத் தடுப்பு இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

தேவகோட்டைப்பெண்:

கூட்டுக்கணக்கு திறந்தாயிற்று, வருகிற வாரம் சிவகங்கை போகிறோம். இரண்டு சந்தேகம். கடை வேலைக்கு வாட்ஸ்ஆப் வேண்டும், பட்டன் போனுக்கு மாற முடியாது. அடுத்து, சித்தப்பா வீட்டில் கல்யாணம் வருகிறது. இரவெல்லாம் சீட்டு நடக்கும். கூட்டிப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

செவ்வந்தி:

போனுக்கு: டெலிகிராமை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்று இருக்கும். குரோம், வாட்ஸ்ஆப், ஃபைல்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக அணையுங்கள், பந்தய ஆப்கள் ஏபிகே கோப்பாக அந்த வழியில்தான் வருகின்றன. பெட்பிளாக்கர் என்ற இலவச ஆப் சூதாட்டத் தளங்களைத் தடுக்கும். எத்தனை நாள் என்று பூட்டுகிறோமோ அதுவரை எளிதில் எடுக்க முடியாது. புதுப்புது முகவரியில் முளைக்கும் சைட்டுகளை எதுவும் முழுசாகத் தடுக்காது, அதனால் பணவாசல் அடைபட்டிருப்பதுதான் முதல் பூட்டு. பந்தயக்காரர்களிடம் உள்ள பழைய எண்ணை மாற்றுங்கள், பேங்கிலும் ஆதாரிலும் புது எண்ணைப் பதிந்த பிறகு பழைய சிம்மைத் திருப்பிக் கொடுங்கள்.

சறுக்கினால் என்ன செய்வது என்பதை இப்போதே நீங்கள், அப்பச்சி, தம்பி மூன்று பேரும் பேசி எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் உங்களிடம் சொல்லவேண்டும், தொகை நோட்டில் ஏறவேண்டும், பணம் எந்த வழியில் போனது என்று பார்த்து அதை அடைக்கவேண்டும், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லவேண்டும். சொன்னதற்காகத் திட்டமாட்டோம் என்று அப்பச்சி வாயால் வரட்டும். ஐபிஎல் மாதங்கள், சம்பள நாள், தீபாவளி இவற்றைக் காலண்டரில் குறித்து அந்த நாட்களில் கூடுதலாகப் பக்கத்தில் இருங்கள்.

கல்யாணத்துக்குக் கூட்டிப் போங்கள் ஆச்சி, ஒதுக்கி வைத்தால் அதுவே பேச்சாகும். மொய் எழுதும் இடத்தில் உட்காரவைக்காதீர்கள், ரொக்கம் புழங்கும் இடம். பந்தி விசாரிப்பு, சமையல்கட்டுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பது என்று நாள் முழுக்க நிற்கிற வேலையாகச் சித்தப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். சட்டைப்பையில் 200-க்கு மேல் வேண்டாம். முகப்பில் ஜமக்காளம் விரித்துச் சீட்டுக்கட்டு வருவது எப்படியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அவன் கடைசிப் பந்திக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்து, உங்களோடு தேவகோட்டைக்கு வண்டி ஏறிவிடட்டும். யாராவது "ஒரு கை குறையுது, உட்காருப்பா" என்றால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் முன்கூட்டியே வேண்டும்: "அயித்தானுக்கு நாளைக்குக் காலையில் கடை திறக்கணும், சாவி என்கிட்ட இருக்கு" என்பது மாதிரி. வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.